சிப்பிப்பாறை ஈத்தில் இரண்டு கன்னிக் குட்டி: பதிவுப் படிவத்தில் என்ன எழுதுவது?

கரிசல்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று எழுத வேண்டியதாகிவிட்டது. ஊர் சாத்தூர் பக்கம். வீட்டில் வெள்ளி என்று ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை, மூன்று வயது. தாய் தகப்பன் யாரென்று தெரியாத நாய். நாட்டு நாய்களை நடுவர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்வார்களே, அப்படித்தான் அதற்கு கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) பேப்பர் வாங்கினேன். சான்றிதழில் முன்னோர் பெயர் இருக்க வேண்டிய கட்டமெல்லாம் வெறுமையாக இருக்கிறது.

இது முதல் ஈத்து. எட்டுக் குட்டி, இன்றைக்கு 26-வது நாள். தகப்பன் கோவில்பட்டிப் பக்கத்துக் கடுவன், பதிவுள்ள செவலை. வெள்ளியும் செவலைதான் (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சின்னதில் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது). குட்டிகளில் ஆறு செவலை. மீதி இரண்டும் கன்னங்கரேல் என்று விழுந்திருக்கின்றன. கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு, காலிலும் மார்பிலும் பழுப்பு. தாத்தா பார்த்ததுமே "கன்னி விழுந்திருக்குடா" என்று குதித்தார். எனக்குத்தான் தூக்கம் போச்சு.

கே.சி.ஐ.யில் சிப்பிப்பாறை தனி இனம், கன்னி தனி இனம். ஒரே ஈத்தில் ஆறை ஒரு இனமாகவும் இரண்டை இன்னொரு இனமாகவும் எழுத முடியுமா? எழுதாவிட்டால் அந்த இரண்டுக்கும் பேப்பரே கிடைக்காதா? இன்னொரு தலைவலியும் இருக்கிறது. கடுவன்காரர் பணம் வேண்டாம், ஒரு குட்டி போதும் என்று வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தார். இப்போது கருப்பு இரண்டும் வேண்டும், அதுவும் 35-வது நாளே வேண்டும், கொடுத்தால்தான் படிவத்தில் கையெழுத்து என்கிறார்.

ராசாளி:

வாழ்த்துகள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம். பருவத்தில் இருந்தபோது வெள்ளி வெளியே போனதா இல்லையா? உண்மையைச் சொல்லு.

கரிசல்வாசி:

அண்ணே, கட்டித்தான் வைத்திருந்தோம். 11-வது நாளும் 13-வது நாளும் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனேன், இரண்டு தடவையும் இணை சேர்ந்து பூட்டு விழுந்தது. திரும்பி வந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் தொழுவத்தில் கயிறு அவிழ்ந்து அரை மணி நேரம் காணவில்லை. பின்வேலிக்கிட்டேதான் நின்றது. அந்த அரை மணிக்கு மட்டும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. எங்கள் தெருவில் டாபர்மேன் கலப்பு ஒன்று திரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

பேப்பர்பைத்தியம்:

படிவத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், சென்னையில் நாய் ஷோ ஷோவாக அலைந்து அலைந்து இதுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

ஈத்தைப் பதிவு செய்ய வேண்டியவர் பெட்டையின் சொந்தக்காரர். அதாவது நீங்கள். தாய், தகப்பன் இரண்டும் பதிவில் இருக்க வேண்டும். தகப்பனின் சொந்தக்காரர் இணை சேர்ந்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். பிறந்த தேதி, கடுவன் எத்தனை, பெட்டை எத்தனை, ஒவ்வொன்றின் நிறம், பெயர், மைக்ரோசிப் எண் எல்லாம் கேட்பார்கள். சிப் எண் 15 இலக்கம். கையால் எழுதினால் ஒரு இலக்கம் மாறினாலும் அந்தக் குட்டிக்கு வாழ்நாள் முழுக்க வம்பு, ஸ்டிக்கர் கொடுப்பார்கள், அதையே ஒட்டுங்கள். சிப்பை எங்கே வாங்குவது, யார் ஏற்ற வேண்டும் என்று முதலிலேயே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் கிடைத்ததை ஏற்றிவிட்டு அப்புறம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனம் என்ற கட்டத்துக்கு வருகிறேன். அது குட்டியின் நிறத்தைக் கேட்பதில்லை. தாயும் தகப்பனும் சிப்பிப்பாறை என்று பதிவானால் குட்டி எட்டும் சிப்பிப்பாறை. கருப்பு என்பது நிறக் கட்டத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஒரே ஈத்தை இரண்டு இனமாகப் பிரித்து எழுதவே கூடாது. அந்த நிறத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் படிவம் அனுப்புவதற்கு முன்பே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், பதிலைப் பத்திரமாக வையுங்கள். தள்ளிப்போடாதீர்கள். குட்டிகள் நாலு வீட்டுக்குப் போன பிறகு சிப் எண்ணுக்கு அலைவது நரகம்.

வேட்டைக்காரன் பேரன்:

இது எல்லாம் சென்னையில் உட்கார்ந்து கண்டுபிடித்த வித்தியாசம். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒரே நாய்தான். எங்கள் ஐயா காலத்தில் நாய்க்கு நிறத்தை வைத்துத்தான் பெயர். மாட்டுக்கு மயிலை, செவலை, காரி என்று சொல்வதில்லையா? அதே மாதிரி செவலை, மயிலை, பிள்ளை, கன்னி, பால்கன்னி. யாராவது மயிலைக் காளையைத் தனி இனம் என்று பதிவு செய்வார்களா? முயல் பின்னால் ஓடும்போது இனத்தைப் பார்த்தவன் எவன்?

ராசாளி:

முயல் பின்னால் ஓடிய கதையை எல்லாம் இங்கே எழுதாதீங்க அண்ணே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

கால்நடைக்காரி:

பேரன் அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதியையும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கருப்பு உடம்பில் பழுப்புப் பொட்டு வரும் நிறம் ஒடுங்கிய பண்பு. செவலை ஓங்கிய பண்பு. ஒரு செவலை நாய் கன்னி நிறத்தின் மரபணுவை உள்ளே ஒளித்து வைத்திருக்கலாம், வெளியே தெரியாது. அப்படி ஒளித்து வைத்திருக்கும் இரண்டு செவலை சேர்ந்தால் நாலில் ஒரு குட்டி கன்னி நிறத்தில் விழ வாய்ப்பு. எட்டுக்கு இரண்டு. கரிசல்வாசி, உங்கள் ஈத்து பாடப் புத்தகத்தில் போடலாம் போல இருக்கிறது.

இதையே திருப்பிப் பாருங்கள். கன்னியும் கன்னியும் சேர்ந்தால் செவலை விழாது. எத்தனை ஈத்து போட்டாலும் எல்லாம் கன்னிதான். அதனால்தான் கன்னியை மட்டும் வைத்து வளர்க்கிறவர் "எங்களுடையது தனி இனம், வேறு நிறமே விழுவதில்லை" என்று நம்புகிறார். சிப்பிப்பாறை வளர்க்கிறவர் வீட்டில் அவ்வப்போது கன்னி விழுகிறது, அதனால் அவர் "ரெண்டும் ஒன்றுதான்" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அவரவர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறார்கள்.

இனி அந்த டாபர்மேன். கன்னி நிறம் விழுந்ததால் மட்டும் தெரு நாயைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. பொட்டே இல்லாத முழுக் கருப்பு விழுந்திருந்தால் நானும் யோசித்திருப்பேன். அது பெரும்பாலும் ஓங்கிய பண்பு, இரண்டு செவலைக்குள் ஒளிந்திருக்க வழியில்லை. ஆனால் நிறம் தகப்பனை நிரூபிக்காது. ஒரே ஈத்தில் இரண்டு கடுவன்களின் குட்டிகள் இருக்கவும் முடியும், நாய்களில் அது நடப்பதுதான். அந்த அரை மணி உறுத்துகிறது என்றால் தாய், தகப்பன், கருப்புக் குட்டி இரண்டு, நாலுக்கும் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் துடைத்து டி.என்.ஏ. பார்க்கலாம். குட்டி பால் குடித்த உடனே எடுக்காதீர்கள், தாயின் செல்கள் கலந்துவிடும்.

வெள்ளைராஜா:

ராஜபாளையம் வளர்க்கிறவன் நான், நிறத்தால் பட்டதில் எனக்கு அனுபவம் அதிகம். எங்கள் நாய்க்குப் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. அதில் காதோரம் ஒரு பழுப்புத் திட்டோடு குட்டி விழுந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள். வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். எட்டு விழுந்த இடத்தில் ஆறு என்று சொல்வார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் "பால் பத்தாது" என்று ஒரு பதில்.

அந்தக் கணக்கு மறைந்ததால் என்ன ஆனது? எந்தக் கடுவன் திட்டு போடுகிறது, எந்தப் பெட்டை செவிட்டுக் குட்டி போடுகிறது என்று ஊரில் ஒருவருக்கும் எழுத்தில் தெரியாது. வெள்ளை நிறத்தோடு காது கேளாமை சேர்ந்து வருவது எங்கள் இனத்தின் பெரிய பிரச்சினை. நானே ஒரு முறை தெரியாமல் செவிட்டுக் குட்டியை விற்றேன். தட்டைத் தட்டிப் பார்த்தேன், திரும்பியது, கேட்கிறது என்று நினைத்தேன். அது தரையின் அதிர்வு என்று வாங்கியவர் வந்து சொன்ன பிறகுதான் உறைத்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குட்டியை நானே வைத்துக்கொண்டேன், ஒன்பது வருடம் இருந்தது. இப்போது குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து, தரையைத் தொடாமல், சாவிக்கொத்தை ஆட்டிப் பார்க்கிறேன். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியை அதிலும் பிடிக்க முடியாது, அதற்கு ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு செய்யும் மின்பதிவுச் சோதனைதான் வழி.

எதற்குச் சொல்கிறேன் என்றால், எட்டு விழுந்தால் எட்டையும் எழுதுங்கள். அழகாக இருக்கும் ஆறுக்கு மட்டும் சிப் ஏற்றிவிட்டு மற்ற இரண்டை "கிராமத்துக்குக் கொடுத்துவிட்டேன்" என்று விட்டால் நாளைக்கு உங்கள் வெள்ளியின் பேரப்பிள்ளைகளை வாங்குகிறவர் இதே இழையைத் திரும்ப ஆரம்பிப்பார்.

புதுநாய்ப்பிரியன்:

ஒரு சந்தேகம். சிப்பிப்பாறையை மத்திய அரசே பதிவு செய்துவிட்டதாகப் படித்தேன். அப்புறம் எதற்குத் தனித்தனியாக இன்னொரு பதிவு? ஒரே வேலையை ஏன் இரண்டு முறை?

பேப்பர்பைத்தியம்:

அது வேறு, இது வேறு. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வளக் கழகம் பதிவு செய்தது இனத்தை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல், இந்த மூன்றும்தான் அங்கே முதலில் ஏறிய நாய் இனங்கள். "இப்படி ஒரு இனம் இந்தப் பகுதியில் இருக்கிறது" என்பதற்கான எண் அது. உங்கள் வீட்டு நாய்க்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள், அந்த மூன்றில் கன்னி தனியாக இல்லை. பேரன் அண்ணன் சந்தோஷப்படலாம்.

மூன்றாவதாக ஒரு பதிவும் இருக்கிறது, எல்லோரும் மறப்பது அதைத்தான். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள்படி குட்டி போட வைத்து விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். "நான் வருடத்துக்கு ஒரு ஈத்துதான்" என்பது பதிலாகாது. கே.சி.ஐ. பேப்பர் நாய்க்கு, வாரியப் பதிவு உங்களுக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றிலிருந்து தப்பிக்க முடியாது. சென்னையில் இருப்பவர்களுக்கு மாநகராட்சி உரிமம் வேறு. ஆமாம், தலை சுற்றத்தான் செய்யும்.

ராசாளி:

தம்பி, கடுவன்காரர் விஷயத்துக்கு அந்த 2017 விதியே உனக்குத் துணை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, சிப் இல்லாமல் விற்கக் கூடாது. அவர் வாங்குவது விலைக்குப் பதிலாகத்தானே, அப்போ அதுவும் அந்தக் கணக்கில்தான் வரும். 35-வது நாள் என்பது நம் ஊர்ப் பழக்கம், எனக்கும் தெரியும், நானும் அப்படிக் கொடுத்தவன்தான். ஆனால் அதைச் சொல்லி 56 நாளாவது தள்ளிப்போடு. அதற்குள் அவர் கோபமும் ஆறும்.

கையெழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவது புதிது இல்லை. எனக்கும் ஒருவர் செய்தார், பெயர் வேண்டாம். இணை சேர்த்த அன்றைக்கே படிவத்தில் கடுவன்காரர் பகுதியை வாங்கி வைத்திருக்க வேண்டும், கூடவே ஒரு வெள்ளைத்தாளில் "ஒரு குட்டி, தேர்வு இன்னாருக்கு, இத்தனை வாரத்தில்" என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. நாலு வரி போதும். அடுத்த ஈத்துக்காவது செய்.

கரிசல்வாசி:

அடுத்த ஈத்துக்கு ஒரு வருடமாவது விட வேண்டும் இல்லையா அண்ணே?

கால்நடைக்காரி:

ஆமாம். ஒரு வருடத்தில் ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, 18 மாதத்துக்கு முன்பும் எட்டு வயதுக்குப் பிறகும் கூடாது. விதி சொல்வது அது. என்னைக் கேட்டால் ஐந்தே அதிகம்.

ஸ்கார்பரோ தமிழன்:

கனடாவிலிருந்து ஒரு செய்தி. இங்கே கூட்டாட்சிச் சட்டமே இருக்கிறது. ஒரு குட்டியைத் தூய இனம் என்று சொல்லி விற்றால் ஆறு மாதத்துக்குள் வாங்கியவர் பெயரில் பதிவுச் சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும். "பேப்பர் இல்லாமல் இந்த விலை, பேப்பரோடு அந்த விலை" என்று பேசுவதே தப்பு. நான் லாப்ரடோர் வாங்கியபோது விற்ற அம்மா தபாலில் அனுப்பினார், நான் மறந்தே போயிருந்தேன். ஊரில் எங்கள் மாமா வீட்டுக்கு வாங்கிய பக் குட்டியின் பேப்பரில் பெட்டை என்று போட்டிருந்தது. வந்தது கடுவன்.

வேட்டைக்காரன் பேரன்:

பார்த்தீர்களா? இதைத்தான் சொல்கிறேன். பேப்பர் ஓடுமா, பேப்பர் குரைக்குமா? ஐயா கையில் ஒரு சீட்டும் இல்லாமல்தான் இந்த நாய் இத்தனை தலைமுறை வந்தது. விலையை ஏற்றத்தான் இந்த வேலை எல்லாம்.

வெள்ளைராஜா:

அண்ணே, ஐயா கையில் சீட்டு இல்லை, சரி. ஐயா தலையில் இருந்தது. எந்தப் பெட்டை எந்தக் கடுவனுக்குப் பிறந்தது, அதன் தாய் யார் வீட்டு நாய் என்று நாலு ஊர்க் கணக்கு அவருக்குத் தெரியும். இப்போது அது யாருக்குத் தெரியும்? இணையத்தில் படம் பார்த்து நாமக்கல்லிலிருந்து கடுவனைக் கொண்டு வருகிறோம். அது நம் பெட்டையின் அப்பாவாகவே இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம். தகப்பன்-மகள், அண்ணன்-தங்கை சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் யார் யாருக்கு என்ன முறை என்றே தெரியாவிட்டால் விதி என்ன செய்யும்? மூன்று தலைமுறை என்றால் பெற்றோர் 2, அடுத்து 4, அடுத்து 8, மொத்தம் 14 பெயர். இன்று பதிவு செய்கிற எத்தனை நாட்டு நாய்க்கு அந்த 14 கட்டமும் நிரம்பும்? வெள்ளிக்கு ஒன்றுகூட இல்லை. அவள் குட்டிகளுக்குக் குறைந்தது இரண்டு இருக்கும். அங்கேயிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

வேட்டைக்காரன் பேரன்:

ஐயா தலையில் இருந்தது என்று சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அவர் போனபோது அதுவும் போய்விட்டது. எனக்குப் பாதிப் பெயர்தான் தெரியும்.

ஆனாலும் கன்னி தனி இனம் இல்லை.

பேப்பர்பைத்தியம்:

கரிசல்வாசிக்கு இன்னொரு யோசனை. அந்தக் கருப்பு இரண்டையும் "கன்னி" என்று பேப்பர் போட்டுத் தரச் சொல்லி யாராவது வருவார்கள். ஆர்வமாகவே வருவார்கள், நல்ல விலையும் சொல்வார்கள். இன்னொரு வீட்டுக் கன்னி ஈத்தோடு சேர்த்து எழுதிவிடலாம் என்று வழியும் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள். குட்டி கன்னியைப் போல இருக்கும், பேப்பரும் கன்னி என்றே சொல்லும், ஆனால் தாய் தகப்பன் பெயர் பொய். பின்னால் யாராவது டி.என்.ஏ. பார்த்தால் அந்த ஈத்தோடு உங்கள் பெயரும் போகும்.

கரிசல்வாசி:

அண்ணே, நீங்கள் எழுதுவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். நேற்று இருவர், காரில். தாத்தா காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

கரிசல்வாசி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து, முதல் தடுப்பூசி, பிறகு அம்மாவின் செருப்பு நாலு ஜோடி என்று நாள் போய்விட்டது.

டி.என்.ஏ. முடிவு வந்தது. இரண்டு கருப்புக்கும் தகப்பன் கோவில்பட்டிக் கடுவன்தான். காகிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான். கன்னத்தைத் துடைக்கப் போனபோது கடுவன்காரரும் கூடவே நின்று பார்த்தார், தன் நாயின் மேல் அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது போல. முடிவைக் காட்டியதும் மனிதர் இளகிவிட்டார். கருப்பில் ஒன்று அவருக்கு, 57-வது நாள். கையெழுத்துப் போட்டுவிட்டார். ராசாளி அண்ணன் சொன்ன நாலு வரியையும் எழுதி வாங்கிவிட்டேன்.

நிறத்தைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறேன். எட்டுக்கும் சிப் ஏற்றியாச்சு. கருப்புப் பெட்டை மட்டும் ஊசிக்குக் கத்தித் தெருவையே கூட்டிவிட்டது. இனம் என்ற கட்டத்தில் எட்டுக்கும் சிப்பிப்பாறை. இதைத் தாத்தாவுக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. "கண்ணு முன்னால கன்னி நிக்குது, நீ சிப்பிப்பாறைன்னு எழுதுற" என்று ஒரே சண்டை. கடைசியில் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது யார் சொல்வது என்று கேட்டார். நாம்தான் என்றேன். கருப்புப் பெட்டைக்குப் பெயர் கன்னியம்மா என்று எழுதச் சொல்லிவிட்டார்.

ராசாளி:

தாத்தா ஜெயிச்சுட்டார். கருப்புக் கடுவன் குட்டிக்கு?

கரிசல்வாசி:

அந்தக் குட்டிதான் கோவில்பட்டி போகிறது, அதனால் பெயரைக் கடுவன்காரர்தான் சொல்ல வேண்டும். கேட்டு நாலு நாள் ஆகிறது, ஜோசியரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாராம். அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.